பூஞ்சை இல்லை, கயல்

அன்புள்ள கயல்,

நேற்று நீ அனுப்பிய, மண்ணிலுள்ள நுண்ணுயிரை வளர்த்த ப்ளேட்டின் படத்தைப் பார்த்து, பாதியில் விட்ட சிக்குக் கோலம் என்று நினைத்துவிட்டாள் உன் அம்மா. நீயானால் "பூஞ்சை வந்துடுச்சுப்பா, ப்ளேட்டைத் தூக்கிப் போடப் போறேன்" என்கிறாய். போட்டுவிடாதேம்மா.

எனக்கு அது பேசில்லஸ் மைகாய்டிஸ் என்ற பாக்டீரியா போலத் தெரிகிறது. தோட்டத்து மண்ணைக் கரைத்து ஊற்றினால் அடிக்கடி வருவதுதான். பெயருக்கே 'பூஞ்சை மாதிரி' என்றுதான் அர்த்தம், அதனால் ஏமாந்தது நீ மட்டும் இல்லை. இதற்கு நீந்தத் தெரியாது. செல் பிரிந்த பிறகும் விலகாமல், முனையோடு முனை ஒட்டிச் சரமாக நீளும். அந்தச் சரங்கள் கற்றையாகச் சேர்ந்து வளைவதுதான் நீ பார்த்த சுருள். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் எடுத்து கிராம் ஸ்டெயின் (பாக்டீரியாவுக்குப் போடும் சாயம்) போட்டு மைக்ராஸ்கோப்பில் பார். ஊதாச் சரமாகத் தெரியும். பூஞ்சை இழை இதைவிட நல்ல தடிமன்.

சில ரகம் இடப்பக்கம் வளையும், சில வலப்பக்கம். எத்தனை ப்ளேட் மாற்றினாலும் திசை மாறாது. லேபில் சேர்ந்த புதிதில், ஒரே கல்ச்சரை ஒரு வாரம் 'இடம்' என்றும் மறுவாரம் 'வலம்' என்றும் நோட்டில் எழுதிவைத்தேன். சார் பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். அப்புறம் பார்த்தால், முதல் வாரம் நான் மேலிருந்து பார்த்திருக்கிறேன். மறுவாரம் இன்குபேட்டரில் கவிழ்த்து வைத்தபடியே, அடிப்பக்கமாக!

உன் இன்னொரு ப்ளேட்டில் மரக்கிளை மாதிரி வந்திருப்பது வேறு சங்கதி. பெப்டோன் தீர்ந்துபோச்சு, இருந்ததைப் போட்டேன் என்றாயே, பாக்டீரியாவுக்கு அதுதானே சாப்பாடு, காரணம் அதுவாக இருக்கலாம். ஜப்பானில் ஃபுஜிகாவாவும் மட்சுஷிட்டாவும் 1989-இல் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவை இப்படித்தான் கிளைக்க வைத்தார்கள்: அகர் (ப்ளேட்டில் உறைய வைக்கும் ஜெல்லி) கெட்டி, சாப்பாடு குறைச்சல். கொஞ்சம் துருத்திக்கொண்ட முனைக்குத்தான் புதுச் சாப்பாடு முதலில் எட்டும். இடுக்கில் இருப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. முனை மேலும் நீளும், இடுக்கு இடுக்காகவே நின்றுவிடும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாக்டீரியாக் கூட்டம் (காலனி) வைத்தால் நடுவில் இருப்பதை இரண்டும் தின்று தீர்த்துவிட்டு, பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்ளும். பெப்டோனைத் தாராளமாகப் போட்டால் கிளையெல்லாம் போய் வெறும் வட்டம்தான்.

எவ்வளவு பெப்டோன் போட்டாய் என்று ஞாபகம் இருக்கும்போதே எழுதி வை. சுருள் ப்ளேட்டை மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று படம் எடுத்து அனுப்பு. எது எது என்று மறக்காமல் குறிப்பிடு.

அன்புடன்,
அப்பா