மருந்துக்கடைக்காரர்களுக்கும் மாட்டு டாக்டர்களுக்கும் ஒரு நன்றி மடல்

மசினகுடி, சிறியூர், ஆனைகட்டி, தெங்குமரஹாடா என்று நீலகிரி மாவட்டத்தில் மாயாற்றுப் படுகையைச் சுற்றியுள்ள ஊர்களில் மருந்துக்கடை வைத்திருப்பவர்களுக்கும், கால்நடை மருத்துவர்களுக்கும், மாடு வளர்ப்பவர்களுக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் கடைசியில் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கில் பாறுகள், அதாவது நம் ஊரில் பிணந்தின்னிக் கழுகு என்கிறோமே அவை, 320 என்று வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் எடுத்தபோது 246. பத்தே மாதத்தில் இத்தனை குஞ்சா என்று கேட்காதீர்கள். பாறு வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். பார்க்கும் இடங்கள் கூடினாலே எண்ணிக்கையும் கூடும். ஆனாலும் குறையவில்லை என்பதே எங்களுக்குப் பெரிய சேதி.

இந்த மாதிரிச் செய்தி வந்தால் வனத்துறைக்கும், கழுத்தில் பைனாகுலர் மாட்டிக்கொண்டு திரியும் எங்களைப் போன்றவர்களுக்கும்தான் பாராட்டு கிடைக்கிறது. பாறுவைக் கொன்றது வேட்டைக்காரன் அல்ல, மாட்டுக்குப் போட்ட வலி ஊசி. அப்படியென்றால் காப்பாற்றியதும் அந்த ஊசியைக் கையில் வைத்திருந்தவர்கள்தானே?

1990களில் தொடங்கி 2007க்குள் வெண்முதுகுப் பாறு இந்தியா முழுவதும் நூற்றுக்கு ஒன்றுகூட மிஞ்சாமல் அழிந்தது. காரணம் அந்த வலி ஊசியில் இருந்த டைக்குளோஃபினாக் என்ற மருந்து என்பது 2004இல் தெரிந்தது. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் கெட்டுவிடும். உடலை அறுத்துப் பார்த்தால் ஈரல், இதயம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசிய மாதிரி யூரிக் அமிலம் படிந்திருக்கும். பாறுகள் கூட்டமாக வந்து தின்பவை; ஒரு மாடே ஒரு கூட்டத்தை முடித்துவிடும்.

2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். ஆனால் மனிதர்களுக்கான 30 மில்லி குப்பி கடையில் இருந்தது, அதை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் 3 மில்லிக்கு மேல் குப்பியே கூடாது என்றார்கள். சரி, தில்லியில் உத்தரவு போட்டாயிற்று. அதைச் சாயங்கால நெரிசலில், கல்லாவில் நின்றுகொண்டு நிறைவேற்றியது நீங்கள். “மாடு படுத்துக்கிச்சு, அந்தப் பழைய ஊசியே குடுங்க” என்றவரிடம், “அது மனுசனுக்குண்ணே, டாக்டர் சீட்டு கொண்டாங்க” என்று ஒரு கடைக்காரர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறோம். வியாபாரம் போயிற்று. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

மருத்துவர்களுக்கு இதைவிடச் சங்கடம். மாட்டுக்காரருக்கு மாடு பொழுது சாய்வதற்குள் எழுந்து நிற்க வேண்டும். பாறுவுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் வலி ஊசியைப் போட்டுவிட்டு, கொஞ்சம் பொறுங்கள் என்று உட்கார்ந்து சொல்ல நீங்கள் பொறுமை காட்டினீர்கள். 2023இல் பாறுவைக் கொல்லும் வேறு இரண்டு வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபினாக் இரண்டும் கால்நடைக்குக் கூடாது என்றானபோதும், மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டிவந்தது உங்களுக்குத்தான்.

அப்புறம், மாடு வளர்ப்பவர்கள். புலியோ சிறுத்தையோ அடித்துப்போட்ட மாட்டின் மேல் பூச்சிமருந்தைத் தெளித்துப் பழிதீர்ப்பது எவ்வளவு சுலபம்! 2023 செப்டம்பரில் நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கம் விஷம் வைத்த மாட்டைத் தின்று இரண்டு புலிகள் செத்தன. அதே இறைச்சியில் பாறு இறங்கினால் கூட்டமே போகும். இழப்பீட்டுக்கு எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அது சரியாக இல்லை என்பதே எங்கள் எண்ணமும். அப்படியிருந்தும் கோபத்தை அடக்கிக்கொண்டு, செத்த மாட்டைக் காட்டுக்கே விட்டுவிட்டுப் போனீர்களே, அதற்கு நன்றி என்ற சொல் போதாதுதான்.

ஆற்றோர நீர்மத்தி மரங்களில் எதில் கூடு இருக்கிறது, எதில் இந்த வருஷம் இல்லை என்று எங்களுக்குக் காட்டித்தந்த இருளர் மக்களுக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் நன்றி. மரத்தடியில் இலைமேல் விழுந்த எச்சத்தைப் பார்த்து, மேலே குஞ்சு இருக்கிறதா என்று சொல்லும் கண் எங்கள் யாருக்கும் இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பேசியே இந்த விஷயத்தைக் காட்டுக்கு வெளியே கொண்டுவந்த, பாறு பாதுகாப்புக்காக உழைக்கும் அருளகம் அமைப்பினருக்கும் எங்கள் வணக்கம்.

உங்கள் பெயர்களைப் போடவில்லை. போட்டால் விட்டுப்போனவர்கள் வருத்தப்படுவார்கள். தவிர, உங்களில் பாதிப் பேர் “நான் என்னத்தச் செஞ்சேன்” என்று சண்டைக்கு வருவீர்கள்.

மாட்டுக்குப் போடும் இன்னொரு வலி மருந்தான ஃப்ளூனிக்சின் ஊசி பாறுவுக்கு ஆகுமா என்ற கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. அதைப் பற்றிப் பேச அடுத்த மாதம் கடைக்கு வருகிறோம், கூட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து.

இப்படிக்கு,
மாயாற்றுப் பக்கம் பாறு கணக்கெடுக்க வரும் தன்னார்வலர்கள்