கையொப்பம் கேட்கும் முன் தாய்மாரோடு பேசுங்கள்

அரசுப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தமிழ்நாடு அரசின் 2025-26ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், 14 வயதுச் சிறுமியருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைப் படிப்படியாகச் செலுத்த 36 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஊசியைச் செவிலியர் போட்டுவிடுவார். பெற்றோரின் கையொப்பத்தை வாங்கும் வேலையோ உங்கள் மேசைக்குத்தான் வந்து சேரும். அந்தப் படிவத்தை மாணவியின் பையில் வைத்து அனுப்பி மறுநாள் திரும்பப் பெறுவதோடு பொறுப்பு தீர்ந்தது என்று எண்ண வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளவே, கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான் இதை எழுதுகிறேன்.

தாய்மார் கேட்கப்போகும் முதல் கேள்வியை நான் அறிவேன்: "கல்யாணமே ஆகாத பிள்ளைக்கு இந்த ஊசி எதுக்கு?" கேட்பவரை அறியாதவர் என்று ஒதுக்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்பது ஒன்றல்ல; இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, அவற்றுள் பல வெறும் மருவோடு நின்றுவிடும். புற்றுநோய்க்கு இட்டுச்செல்லக்கூடிய வகைகள் சில, பெரும்பாலும் உடலுறவின் வழியே பரவுகின்றன. வேறொரு வைரஸின் மேல் ஆய்வாளர்களின் சந்தேகம் குவிந்திருந்த காலத்தில், ஜெர்மானியரான ஹரால்ட் சுர் ஹவுசன் 1983இல் 16ஆம் வகையையும் அடுத்த ஆண்டு 18ஆம் வகையையும் புற்றுத் திசுக்களில் கண்டறிந்தார். 2008இல் நோபல் பரிசு பெற்றார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இவ்விரு வகைகளே காரணம்.

தொற்று வந்தாலே புற்றுநோய் என்று பொருளில்லை. பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடுகிறது. சிலரிடம் மட்டும் அது தங்கிவிடுகிறது. அப்போது வைரஸின் இரண்டு புரதங்கள், உயிரணு கட்டுமீறிப் பெருகாமல் காவல் காக்கும் நம் புரதங்களைச் செயலிழக்கச் செய்கின்றன. அங்கிருந்து புற்றாக மாறப் பொதுவாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். ஆகவே நாற்பது வயதில் தெரியவரும் நோயின் வித்து இருபதுகளிலேயே விழுந்திருக்கலாம். கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும், தன்னிடம் தொற்று இருப்பதே தெரியாத அந்தக் கணவரிடமிருந்து இது வரலாம். இந்நோய் கண்ட பெண்ணின் ஒழுக்கத்தை ஊர் அளந்து பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அதற்கு அஞ்சியே, தொடர்ந்த வெள்ளைப்படுதலையும் இடையில் தோன்றும் உதிரப்போக்கையும் மறைத்துக் காலம் கடத்தியவர்கள் பலர்.

ஊசி, ஏற்கெனவே நுழைந்துவிட்ட வைரஸை வெளியேற்றாது. நுழையுமுன் போட்டால்தான் முழுப் பயன். மேலும் 9 முதல் 14 வயதுக்குள் உடலின் எதிர்ப்பாற்றல் மிக நன்றாக உருவாகிறது. வயதுக் கணக்கின் காரணம் இவ்வளவே. கல்லீரல் அழற்சி 'பி' வைரஸும் உடலுறவால் பரவக்கூடியது, அதுவும் புற்றுநோய் தரக்கூடியது. ஆனால் பிறந்த அன்றே அதற்கு ஊசி போடும்போது எந்தப் பாட்டியும் பச்சைக் குழந்தையின் ஒழுக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஊசியில் இருப்பது வைரஸின் வெற்று உறை போன்ற புரதம் மட்டுமே. உள்ளே மரபுப் பொருள் இல்லை என்பதால் தொற்றை உண்டாக்காது. கைவலி, இலேசான காய்ச்சல், சிலருக்குத் தலைசுற்றல் வரலாம். ஆதலால் கால்மணி நேரம் உட்காரவைக்க வேண்டும். குழந்தைப்பேற்றை இது கெடுக்கும் என்பது வதந்தி.

இனி நீங்கள் அவசியம் அறிய வேண்டிய ஒரு பழைய செய்தி. அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 2009இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டம், சில சிறுமியர் இறந்ததையடுத்து 2010இல் நிறுத்தப்பட்டது. அந்த இறப்புகளுக்கு ஊசி காரணம் என்று விசாரணையில் நிறுவப்படவில்லை. ஆனால் பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டிருந்தது வெளிவந்து, பெருங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. மருந்தின் மேல் விழுந்த அந்த ஐயம், விளக்காமல் வாங்கிய கையொப்பங்களால் வலுத்தது என்பதே என் கணிப்பு. எனவே எந்தச் சூழலிலும் பெற்றோருக்காக நீங்கள் கையொப்பமிடாதீர்கள். மறுக்கும் தாயின் மகளை வகுப்பில் எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்காதீர்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அரை மணி நேரத்தை உங்கள் பகுதிச் செவிலியருக்குக் கொடுங்கள். மகளுக்கு ஊசி என்று பேசவரும்போதே, முப்பது வயதைக் கடந்த தாய்க்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை என்பதையும் அவர் சொல்லட்டும். ஊசி போட்டுக்கொண்ட மகளுக்கும் பின்னாளில் பரிசோதனை தேவைப்படும். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடையே நடந்து, 2007இல் முடிவுகள் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்த்தே மாற்றங்களைக் கண்டறிந்தார்கள். அந்த ஒருமுறைப் பரிசோதனையும் உடன் அளித்த சிகிச்சையும் இந்நோயால் ஏற்படும் இறப்பை 35 விழுக்காடு குறைத்தன. பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. பெண்கள் பரிசோதனைக்கு வந்து படுக்கச் சம்மதிப்பதுதான் எளிதல்ல. அந்தச் சம்மதத்தைப் பெற்றுத்தர, ஊர்த் தாய்மார் நம்பி வந்து அமரும் உங்கள் பள்ளி வராந்தாவைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்