நுவரெலியாத் தபாலகம் குறித்து மகளுக்கு

நுவரெலியா

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் நலமறிய ஆவல். நமது நகரத்துப் பழைய தபாலகத்தை நல்லதொரு ஹோட்டல்காரரிடம் ஒப்படைத்தால், கூரையும் சுவரும் இன்னும் நூறாண்டு பழுதின்றி நிற்கும் என்று எழுதியிருந்தாய். கட்டடக்கலை படிக்கும் பிள்ளை அப்படி எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கில் நம் வீட்டுப் பங்கு ஒன்று விடுபட்டிருக்கிறது.

ரயில் 1885இல் பக்கத்து நானுஓயாவை எட்டி, சில ஆண்டுகள் கழித்து, 1894இல் எழுந்த கட்டடம் அது. செங்கற் சுவரும் சரிவான கூரையும் மணிக்கூட்டுக் கோபுரமுமாக, இங்கிலாந்திலிருந்து பெயர்த்து வைத்தது போல் இரண்டு தளங்களில் கட்டினார்கள். ஆறாயிரம் அடிக்கு மேலே குளிரில் ஊர்க் கடிதத்துக்குக் காத்திருந்த வெள்ளைக்காரத் துரைமாரை நினைத்துக் கட்டியதே தவிர, தேயிலைத் தோட்டத்தில் உழைக்கும் நம்மை நினைத்தல்ல.

நமக்கோ தனி முகவரியே கிடையாது. கடிதத்தின் மேல் தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும்தான் இருக்கும்; தோட்டத்துத் தப்பால்காரர் தபாலகத்திலிருந்து பையில் வாங்கி வந்து ஆபீஸில் ஒப்படைப்பார்; அங்கிருந்து அது நாம் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு எப்போது வரும் என்பது ஆபீஸ்காரரின் மனத்தைப் பொறுத்தது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்த பிறகு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கைக்கு வந்து, வேலை கெட்டுப்போன பிள்ளைகளை நான் அறிவேன்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம்மைப் போன்ற இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதியது. அந்தக் கணக்கில் உன் பெரிய அத்தை குடும்பமும் கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு உன் அப்பாயி, அத்தைக்கு எழுதும் எந்தக் கடிதத்தையும் தோட்ட ஆபீஸ் வழியாக விட்டதில்லை. நகரத்துக்கு நடந்து வந்து, இந்தத் தபாலகத்து கவுண்டரில் வெளிநாட்டுக்கு அனுப்பும் மடிப்புக் கடிதமான ஏரோகிராமைத் தானே வாங்கி, எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுதுவிப்பார். இடம் தீர்ந்ததும் மடிப்பின் ஓரங்களில் குறுக்காக, விசாரித்ததாகச் சொல்ல வேண்டியவர்களின் பெயர்கள் ஏறும். பதிலை நகரத்துக் கடைக்காரர் ஒருவரின் முகவரிக்கே போடச் சொல்வார். 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இழந்திருந்த ஒருத்தி, துரையோ தோட்டத்துக் கணக்கப்பிள்ளையோ நடுவில் நில்லாமல், அரசாங்கத்தின் ஒரு சன்னலுக்கு முன் தானே காசு நீட்டித் தன் காரியத்தை முடித்துக்கொண்ட இடம் அது. அவருக்கு அங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சலிக்காது.

இந்தக் கட்டடத்தைச் சுற்றுலாவுக்குக் கொடுக்கும் முயற்சியை எதிர்த்துத் தபால் ஊழியர் சங்கங்கள் 2023 நவம்பரில் வேலைநிறுத்தம் செய்தபோது, ஊழியர்கள் தங்கள் வசதிக்காகச் சத்தம் போடுகிறார்கள் என்று பேசியவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹோட்டலானால் செங்கல் பிழைக்கும், மணிக்கூடும் ஓடும். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு அதே சேலையோடு வரும் ஒருத்தியை மட்டும் வாசற்காவலர் என்ன அலுவல் என்று கேட்பார்.

பழுதுபார்க்கப் பணம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆகையால் நீ வரையும் திட்டத்தில் மேல்தளத்தில் காட்சிக்கூடமோ தேநீர்க்கடையோ எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்; கீழ்த்தளத்து கவுண்டரை மட்டும் இருந்த இடத்தை விட்டு நகர்த்தாதே. வரைந்ததும் ஒரு பிரதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா