ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்த்தேன். அவருக்கும் என்னைப் போல சொரியாசிஸ்தான், தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் நோய். ஊரில் மறுபடி ஏதோ காய்ச்சல் என்று பேச்சு வந்ததும் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டாராம். "எதிர்ப்பு சக்தியக் குறைக்கிற மருந்தாச்சே, எதுக்கு வம்பு" என்றார். எனக்குப் பகீர் என்றது, 2020-இல் நானும் இதையேதான் செய்தேன்.

எனக்கு ரப்பர் பால்வெட்டுத் தொழில். அந்த மார்ச்சில் ஊரடங்கு வந்து களியக்காவிளையில் எல்லையை அடைத்தார்கள், என் டாக்டரோ திருவனந்தபுரத்தில். போனில் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஞாயிறுதோறும் போடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைப் பயத்தில் விட்டேன். கொஞ்ச வாரத்தில் காலையில் பாயை உதறினால் செதில் தவிடு மாதிரி கொட்டியது. சரி, அதையாவது பொறுக்கலாம். இந்த நோய் சிலருக்கு மூட்டையும் பிடிக்கும்; எனக்கு வலது மோதிர விரல் மட்டிப்பழம் போல வீங்கிவிட்டது. தோட்டம் திறந்த அன்றைக்கு விடியலில், கத்தியைப் பிடிக்க முடியாமல் மரத்தடியில் சும்மா நின்றேன். மூட்டு ஒருமுறை அரித்துவிட்டால் பிறகு என்ன மருந்து போட்டாலும் பழையபடி ஆகாது.

ரேஷன் கடையில் சானிடைசரை ஊற்றுவார்கள், வெடித்த உள்ளங்கை மிளகாய் அரைத்தது போல எரியும். கொரோனாவுக்கு ஆறடி தள்ளி நின்றவர்கள் என் முழங்கையைப் பார்த்துப் பத்தடி தள்ளி நின்றார்கள். இது தொற்றாது என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது!

அப்புறம் டாக்டர் சொன்னது இதுதான்: காய்ச்சல் இல்லாதவர் மருந்தைத் தொடர வேண்டும், தொற்று வந்துவிட்டால் எத்தனை நாள் நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். விட்டுப்போனதைச் சேர்த்துத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, வாரத்துக்கு ஒரு நாள்தான். கோவிஷீல்டு, கோவாக்சின் தடுப்பூசி இரண்டிலும் உடம்புக்குள் பெருகும் கிருமி கிடையாது என்றார், பயப்படாமல் போட்டுக்கொண்டேன்.

2021 முதல் சுகருக்கும் பிரஷருக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது, நல்ல காரியம். எங்களுக்கு வீட்டுக்கு வரவேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மெத்தோட்ரெக்ஸேட்டும் அதோடு சேர்த்துத் தரும் ஃபோலிக் ஆசிட் வைட்டமினும் தந்து, இந்த மருந்து ஈரலைப் பாதிக்கிறதா என்ற பரிசோதனைக்கு அங்கேயே ரத்தம் எடுத்தால் போதும். பேச்சிப்பாறைப் பக்கம் இருப்பவர் அதற்காக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வரை, பஸ் ஓடாத காலத்தில், எப்படிப் போவார்?

சிநேகிதர் டாக்டருக்குப் போன் போட்டாரா என்று இந்த ஞாயிறு கேட்கணும்.

இப்படிக்கு,
பால்வெட்டுத் தொழிலாளி,
குலசேகரம்