லைட்டை விடு, கீசரைப் பார்

பாப்பா,

நேற்று போனில் அரை மணி நேரம் கூடத்து லைட்டைப் பற்றியே பொரிந்து தள்ளினாய். ராத்திரி முழுக்க எரிகிறதாம், ஒருத்தரும் அணைப்பதில்லையாம், பில் மட்டும் நாலு பேருக்கும் சமமாக வந்து விழுகிறதாம். கோபம் நியாயம்தான். ஆனால் அந்த லைட் பாவம்.

அது 9 வாட் எல்இடி. எட்டு மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட் ஆக கிட்டத்தட்ட 14 ராத்திரி வேண்டும். உங்கள் கீசர் 2000 வாட், அரை மணி நேரம் சூடாக்கினால் அதே ஒரு யூனிட் காலி. சூடானதும் தானாக நின்றுவிடும் என்று உன் தோழிகள் சொல்வார்கள். நிற்கும், ஆனால் தண்ணீர் ஆற ஆற மறுபடியும் போட்டுக்கொள்ளும், யாரும் குளிக்காவிட்டாலும். ஒருத்தர் பின் ஒருத்தராகக் குளித்துவிட்டு, கடைசி ஆள் அணைத்துவிட்டு வந்தால் போதும். சூடாக்குவதும் குளிர வைப்பதும்தான் கரண்டைக் குடிக்கிற வேலைகள். வாஷிங் மெஷினில்கூட வெந்நீரில் துவைத்தால் பெரும்பகுதி தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது, டிரம் சுற்றுவதற்கு இல்லை. ஃப்ரிட்ஜ் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார், சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது, வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

சுவரில் சீட்டு மட்டும் ஒட்டாதே. உன் வயதில் நாங்கள் ஐந்து பேர் ஒரே வீட்டில் இருந்தபோது ஒவ்வொரு சுவிட்சுக்கு மேலேயும் 'அணைக்கவும்' என்று எழுதி ஒட்டினேன், ஒரு வாரத்தில் எவனோ என் கட்டிலுக்கு மேலேயும் ஒன்று ஒட்டிவிட்டான்.

அதைவிட, எல்லோரும் சேர்ந்து மீட்டரைப் பாருங்கள். படுக்கப் போகும்போது ஒரு தடவை, எழுந்ததும் ஒரு தடவை குறித்து வையுங்கள். எல்லோரும் தூங்கும்போது ஓடியது எவ்வளவு என்று தெரிந்தால், நீ வாயே திறக்க வேண்டாம், அவர்களே ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். டிவியோடு இருக்கிற செட்டாப் பாக்ஸ் மாதிரி ஏதாவது ஒன்று சும்மா 10 வாட் இழுத்தாலும் மாதத்துக்கு 7 யூனிட் ஆகிறது.

அப்புறம், நீ குளிக்கப் போனால் எவ்வளவு நேரம் என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாலு பேரும் உட்கார்ந்து பேசும்போது அதை நீயே முதலில் சொல்லிவிடு, மற்றவர்களும் அவரவர் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

அப்பா