உழவர் சந்தை நிறுத்தத்தில் பஸ் நிற்க வேண்டி நான்காவது முறையாக அளிக்கும் கோரிக்கை மனு

அனுப்புநர்:
மேட்டுத் தெரு, ஏரிக்கரைத் தெரு, காலனி இரண்டாம் குறுக்குத் தெருப் பெண்கள் 43 பேர்
(கையொப்பங்களும் கைரேகைகளும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
உயர்திரு கிளை மேலாளர் அவர்கள்,
அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனை.

பொருள்: காலை 8.40, 9.25, 10.15 மணி நகரப் பேருந்துகள் உழவர் சந்தை நிறுத்தத்தில் நிற்காமல் செல்வது – நின்று செல்ல உத்தரவிடக் கோருவது தொடர்பாக.

பார்வை:
1. தங்களிடம் நேரில் கொடுத்த மனு, நாள் 17.03.2025
2. மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்த மனு, நாள் 14.07.2025
3. விரைவு அஞ்சலில் அனுப்பிய மனு, நாள் 22.09.2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மூன்று மனுக்களுக்கும் பலன் கிடைக்காததால் மீண்டும் தங்களை நாட வேண்டியதாயிற்று. தங்கள் வேலைப்பளு எங்களுக்குத் தெரியும். இருந்தும் எழுதுகிறோம். எங்களுக்கு வேறு வாசல் இல்லை.

நிறுத்தம் எங்கே என்று, எல்லோர் சார்பிலும் இதை எழுதும் நான் விளக்க வேண்டியதில்லை. ரயில்வே கேட்டைத் தாண்டி பஸ் இடப்புறம் திரும்பியதும், சந்தையின் தெற்கு வாசலுக்கு எதிரே, புளியமரத்தடி. மார்ச் மாதம் நான் நேரில் வந்தபோது "இளநீர்க்காரர் உட்கார்ந்திருப்பாரே, அந்த இடம்தானே" என்று தாங்களே கேட்டீர்கள். அதே இடம்தான். பெயர்ப்பலகை துருப்பிடித்திருந்தாலும் எழுத்து இன்னும் தெரிகிறது.

எங்கள் குறைகளைக் கீழே வரிசையாகத் தருகிறோம்.

1. காலையில் சந்தைக்குப் போவதில் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. 6.10 மணி பஸ் எங்கள் தெருமுனையில் நின்று ஏற்றிக்கொள்கிறது. அந்த வண்டியின் நடத்துநர் வயதானவர்களின் கையைப் பிடித்து ஏற்றிவிடுவார், காலிக் கூடையைக்கூட வாங்கி உள்ளே வைப்பார். இதை எழுதாமல் விட்டால் நன்றி கெட்டவர்கள் ஆகிவிடுவோம். குறையெல்லாம் திரும்பி வரும்போதுதான்.

2. சந்தையில் வேலை முடிய எட்டரை மணி ஆகிவிடும். பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும். நான்கு கடை பார்த்து, கீரை புதிதா என்று பார்த்து வாங்க வேண்டும். நாங்கள் ஒரு நாளுக்கு வாங்குபவர்கள் அல்லர். வாரம் இரண்டு முறை போய், மூன்று நான்கு நாட்களுக்குச் சேர்த்து வாங்குகிறோம். இரண்டு கிலோ தக்காளி, ஒரு கிலோ சின்ன வெங்காயம், ஒரு பூசணிக் கீற்று, கத்தரிக்காய், முருங்கைக்காய், தேங்காய் மூன்று, கீரைக்கட்டு, வாழைப்பூ. துணிப்பை ஒன்று, வயர் கூடை ஒன்று. சென்ற வாரம் வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்தேன்: இரண்டும் சேர்ந்து ஒன்பதே கால் கிலோ. எனக்கு 61 வயது. இந்தச் சுமையோடு புளியமரத்தடியில் நிற்கிறேன். 8.40 வண்டி வருகிறது. வேகம் குறைகிறது. மரத்தடியில் யார் நிற்கிறார்கள் என்று ஓட்டுநர் பார்க்கிறார். பிறகு வேகம் கூடுகிறது, வண்டி போய்விடுகிறது.

சில நாட்களில் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி பெட்ரோல் பங்க் அருகே போய் நிற்கும். அங்கே யாரையோ இறக்கிவிடுவார்கள். நாங்கள் கூடையோடு பாலத்தில் ஓட வேண்டும். அந்தப் பாலத்தில் நடைபாதை கிடையாது என்பது தாங்கள் அறிந்ததே. பாதி தூரம் போவதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

3. ஐயா, எங்களை மிகவும் நோகச் செய்வது இதுதான். முந்தைய மனுக்களில் வெட்கப்பட்டு இதை எழுதாமல் விட்டோம். இப்போது எழுதிவிடுகிறோம்.

மரத்தடியில் பெண்கள் மட்டும் நின்றால் பஸ் நிற்பதில்லை. ஓர் ஆண் நின்றால் நிற்கிறது.

இது எங்கள் கற்பனை என்று நினைக்க வேண்டாம். ஆவணி மாதத்தில் ஒரு நாள் இரண்டு வண்டிகள் நிற்காமல் போனதைப் பார்த்துக்கொண்டிருந்த இளநீர்க்காரப் பெரியவர், அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வந்து எங்கள் முன்னால் நின்றார். 10.15 வண்டி வந்தது. கை நீட்டினார். நின்றது. நாங்கள் ஏறினோம், அவர் ஏறவில்லை. நடத்துநர் அவரைப் பார்த்துக் கோபமாக ஏதோ சொன்னார். மறுமுறையும் அவர் வந்து நின்றார், மறுமுறையும் பஸ் நின்றது. அன்றிலிருந்து இது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. காய் வாங்கி முடித்ததும் இப்போது நாங்கள் பஸ்ஸைத் தேடுவதில்லை, கை காட்ட ஓர் ஆணைத் தேடுகிறோம்.

இளநீர்க்காரருக்கு வியாபார நேரம். தினமும் அவரைக் கூப்பிட எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. ஆகையால் வழியில் போகிறவர்களைக் கேட்கிறோம். எங்கள் தெருவில் 72 வயதான ஓர் அம்மாள் இருக்கிறார். கணவர் இறந்தபின் முப்பது ஆண்டுகள் வாசலில் இட்லிக்கடை வைத்து இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியவர். யாரிடமும் ஒரு ரூபாய் கடன் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் ஒரு நாள் பள்ளிச் சீருடையில் சைக்கிளில் போன ஒரு பையனை நிறுத்தி, "தம்பி, எங்களுக்காக ஒரு நிமிடம் நின்று கை காட்டு" என்று கெஞ்சினார். "நேரமாகிவிட்டது பாட்டி" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அந்தப் பையன் மேல் தவறில்லை. ஆனால் அந்த அம்மாளின் முகத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வீடு வந்து சேரும்வரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தங்கள் தாயார் சந்தைக்குப் போய் அப்படி நின்றிருந்தால் தாங்கள் பொறுத்துக்கொள்வீர்களா ஐயா? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்றால் மன்னிக்க வேண்டும். கேட்காமல் இருக்க முடியவில்லை.

4. நாங்கள் தர்மத்துக்கு ஏறவில்லை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்ற ஆணை 2021 மே 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்காக ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் மானியம் தரப்படும் என்று அப்போதே அரசு அறிவித்தது. ஆக, எங்கள் டிக்கெட்டுக்குப் பணம் தருவது அரசு. ஓட்டுநர் கையிலிருந்தும் போகவில்லை, நடத்துநர் பையிலிருந்தும் போகவில்லை. அப்படியிருக்க எங்களைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டுவது ஏன்?

இதில் இன்னொரு கேடும் இருக்கிறது, அதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். பஸ்ஸில் ஏறினால் எங்களுக்கும் கட்டணமில்லாச் சீட்டு கிழித்துத் தருகிறார்கள். அந்தச் சீட்டுதான் கணக்கு. ஏற்றிக்கொள்ளாமல் போனால் சீட்டு இல்லை. சீட்டு இல்லையென்றால் உழவர் சந்தை நிறுத்தத்தில் பயணிகளே இல்லை என்றுதான் தங்கள் மேசையில் இருக்கும் தாள் சொல்லும். நாளை அந்தத் தாளைக் காட்டி, ஆளில்லாத நிறுத்தம் என்று அதையே எடுத்துவிட்டால் நாங்கள் எங்கே போவோம்? தயவுசெய்து தாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமையோ சனிக்கிழமையோ காலை எட்டரை மணிக்கு மரத்தடிக்கு வந்து பாருங்கள். பத்துப் பேராவது கூடையோடு நிற்போம்.

5. ஆட்டோவில் போகலாமே என்று பணிமனையில் ஒருவர் சொன்னார். நாலரை கிலோமீட்டருக்கு 100 ரூபாய் கேட்கிறார்கள். மழை என்றால் 120. தெருமுனைக் கடையை விட்டுச் சந்தைக்கு வந்து நான் மிச்சப்படுத்துவது 70, 80 ரூபாய். இடைத்தரகர் இல்லாமல் விவசாயி நேரே விற்கவும் வீட்டுக்காரர்கள் நேரே வாங்கவும்தான் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையைத் திறந்தார்கள். அந்த லாபம் முழுவதையும் ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டு, மேலும் கைக்காசு போட்டு வீடு திரும்புவதானால் சந்தை எதற்கு?

6. 18.10.2025, தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை. நல்ல மழை. நிழற்குடை கிடையாது, புளியமரம்தான் எங்களுக்குக் குடை. பதினான்கு பெண்கள் நின்றோம். 8.40 வண்டி போனது. 9.25 வண்டியும் போனது. இளநீர்க்காரர் அன்று வரவில்லை. 10.15 வண்டி பாலத்தைத் தாண்டிப் போய் நின்றது. எல்லோரும் ஓடினோம். மேலே சொன்ன அந்த அம்மாளும் ஓடினார். பாலத்தின் ஏற்றத்தில் சேற்றில் வழுக்கி விழுந்தார். பை கிழிந்து தக்காளி சாலையில் உருண்டது, பின்னால் வந்த லாரி அதன் மேல் ஏறிப் போனது. அவர் ஓர் அடி தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு இப்போதும் கை நடுங்குகிறது. முழங்காலில் நான்கு தையல். பண்டிகைக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவரால் எழுந்து அவர்களுக்கு எண்ணெய் வைக்க முடியவில்லை.

பஸ் நின்றிருந்தால் இது நடந்திருக்காது. மரத்தடியில் அரை நிமிடம் நின்றிருந்தால் போதும்.

7. இரண்டாவது மனுவுக்கு மட்டும் கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. "தங்கள் மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது." அதே நாள் காலையும் பஸ் நிற்கவில்லை.

8. எதை முடித்து வைத்தார்கள் என்று கேட்கிறோம்.

ஐயா, ஓட்டுநர்களின் சிரமத்தை நாங்கள் அறியாதவர்கள் அல்லர். ரயில்வே கேட் மூடினால் பத்து நிமிடம் போய்விடுகிறது, அந்த நேரத்தை எங்காவது ஈடுகட்ட வேண்டும், அடுத்த நடைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எங்கள் தெருவிலேயே ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். இதையெல்லாம் அவர்தான் எங்களுக்குச் சொன்னார். அப்படியானால் கால அட்டவணையில் ஐந்து நிமிடம் கூட்டித் தாருங்கள். அந்த ஐந்து நிமிடத்தை எங்கள் முழங்காலிலிருந்து எடுக்காதீர்கள். எந்த ஓட்டுநர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. அதனால்தான் வண்டிப் பதிவெண்ணைக் குறித்து வைத்திருந்தும் இந்த மனுவில் எழுதவில்லை.

நாங்கள் கேட்பது இவ்வளவே:

அ) மேற்படி மூன்று வண்டிகளும் புளியமரத்தடி நிறுத்தத்தில் கட்டாயம் நின்று செல்ல எழுத்துமூலம் உத்தரவிட வேண்டும். பாலத்தைத் தாண்டி வேண்டாம், மரத்தடியில் நிற்க வேண்டும்.

ஆ) செவ்வாய், சனி இரு நாட்களும் காலை எட்டரை முதல் பத்தரை மணிவரை நேரக் காப்பாளர் ஒருவரை அங்கே நிறுத்த வேண்டும். ஒரு மாதத்துக்கு மட்டும் செய்து பாருங்கள். பெயர்ப்பலகைக்கு வண்ணம் அடித்தால் நல்லது. அடிக்காவிட்டாலும் பஸ் நின்றால் போதும்.

இ) பஸ் நிற்க வேண்டும். வேறு எதையும் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள். பெண்கள் நின்றாலும் பஸ் நிற்க வேண்டும்.

இந்த முறை பதிலைக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வரும் சனிக்கிழமை காலை 8.40 வண்டி மரத்தடியில் நின்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வோம். நாங்கள் அங்கேதான் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேட்டுத் தெரு, ஏரிக்கரைத் தெரு, காலனி இரண்டாம் குறுக்குத் தெருப் பெண்கள்

நாள்: 24.11.2025

இணைப்பு: கையொப்பத் தாள்கள் 3, முந்தைய மனுக்களின் நகல்கள் 3, மருத்துவமனைச் சீட்டின் நகல் 1. கைரேகை வைத்தவர்களில் 17ஆம் எண், மேலே சொன்ன அம்மாளுடையது. முழங்கால் இன்னும் மடங்கவில்லை என்பதால் தாளை அவர் வீட்டுக்கே கொண்டுபோய் ரேகை வாங்கி வந்தோம்.