கொடி ஏந்தி வந்தவர்களை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நேற்று இரவு பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவை முழுசாகப் பார்த்தேன். நம் நேரத்துக்கு 11 மணிக்கு ஆரம்பித்தது, முடியும்போது விடியற்காலை மூன்று ஆகிவிட்டது. ஏழாம் வகுப்புப் படிக்கிற என் மகளும் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் டேபிள் டென்னிஸ் ஆடுகிறவள். சென்னைக்காரரான டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமல் பி.வி. சிந்துவோடு சேர்ந்து கொடி ஏந்தப் போகிறார் என்று தெரிந்ததிலிருந்தே இந்த ராத்திரிக்காகக் காத்திருந்தாள், பேட்டை உறையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் டிவி பார்த்தாள்.

அணிவகுப்பை மைதானத்துக்குள் நடத்தாமல் சேன் ஆற்றில் படகுகளில் நடத்தினார்கள். ஆஸ்டர்லிட்ஸ் பாலத்தில் கிளம்பி ஈபிள் கோபுரம் பக்கம் வரைக்கும் 6 கிலோமீட்டர், மொத்தம் 85 படகுகள். யோசனை அருமையானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஒரு படகு வரும், உடனே ஒரு பாட்டு, அப்புறம் முகமூடி போட்ட ஒருவர் கூரை மேல் ஓடுவார், அப்புறம் ஒரு நடனம், திரும்ப ஆற்றுக்கு வரும்போது நடுவில் எத்தனை நாடுகள் போய்விட்டன என்றே தெரியாது. சின்ன நாடுகளை மூன்று நான்காகச் சேர்த்து ஒரே படகில் ஏற்றியதால் யார் எந்த நாடு என்று கண்டுபிடிப்பதற்குள் காட்சி மாறிவிடும்.

நம் படகும் அப்படித்தான் வந்தது. வெள்ளைச் சேலையில் சிந்து, பக்கத்தில் சரத், நனைந்த கொடி காற்றில் சரியாக விரியக்கூட இல்லை, பின்னால் நம் பிள்ளைகள் சின்னச் சின்னக் கொடிகளை ஆட்டுகிறார்கள். அவ்வளவுதான், சில நொடி. "போயிடுச்சாம்மா?" என்று மகள் கேட்டாள். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. சரத் முதன்முதலில் ஒலிம்பிக் போனது 2004இல், ஏதென்ஸுக்கு. இருபது வருஷம் கழித்து, 42 வயதில், இது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக். அந்த முகத்தை ஒரு நிமிஷம் நின்று பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை.

நம் நாட்டுக்கு மட்டும் நான் கேட்கவில்லை. பூட்டானிலிருந்து மூன்று பேர், நவ்ரூவிலிருந்து ஒரே ஒருவர் வந்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு முதல் சுற்றோடு போட்டி முடிந்துவிடும், உலகமே அவர்களைப் பார்ப்பது இந்த ஒரு ராத்திரியில்தான். டோக்கியோவில் பார்வையாளர்களையே விடாத காலி அரங்கம், எல்லோர் முகத்திலும் முகக்கவசம், இருந்தும் ஒவ்வொரு நாடும் தன் பெயர்ப் பலகைக்குப் பின்னால் தனியாக நடந்து வந்தது. நேற்று தென் கொரியாவை வட கொரியா என்று அறிவித்தார்கள். மன்னிப்பும் கேட்டுவிட்டார்கள், சரி, ஆனால் அத்தனை வருஷம் உழைத்துவிட்டு அந்தப் படகில் நின்ற பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்?

நல்லதையும் சொல்ல வேண்டும். கொட்டுகிற மழையில் ஒருவர் பியானோ வாசித்தார், கறுப்பு மூடி மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது, அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தசைகள் இறுகிப்போகும் அரிய நோயோடு போராடிவந்த செலின் டியான் ஈபிள் கோபுரத்திலிருந்து பாடினார், எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதையெல்லாம்விட, கடைசியில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் தீபத்தோடு காத்திருந்தாரே, சார்ல் கோஸ்ட், நூறு வயது, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சைக்கிள் பந்தயத்தில் தங்கம் வாங்கியவர். அவர் கையிலிருந்து பிரான்ஸின் ஓட்டப்பந்தய வீராங்கனை மரி ஜோஸ் பெரெக்கும் ஜூடோ வீரர் டெடி ரினேரும் தீபத்தை வாங்கியபோது கேமரா அவர் முகத்தை விட்டு நகரவில்லை. அந்தப் பொறுமையைப் படகில் நின்றவர்களிடமும் காட்டியிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். ஒரு நடனக் காட்சியைப் பற்றி இணையத்தில் இன்று நடக்கிற சண்டைக்குள் நான் போகவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றைய பதிப்பு விழா முடிவதற்கு முன்பே அச்சுக்குப் போயிருக்கும், அது புரிகிறது. நாளைய விளையாட்டுப் பக்கத்தில் ஈபிள் கோபுரம், லேசர் வெளிச்சம் எல்லாம் வேண்டாம், நம் அணி படகில் நிற்கிற படத்தை முகங்கள் தெரிகிற அளவுக்குப் பெரிதாகப் போடுங்கள். இந்தியாவிலிருந்து போயிருக்கும் 117 பேரின் பெயரையும், யார் எந்த ஊர், என்ன விளையாட்டு என்பதையும் கீழே போடுங்கள், பொடி எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை. அலமாரிக் கதவில் ஒட்டுவதற்கு மகள் இடம் ஒதுக்கி வைத்துவிட்டாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி
27.07.2024